சாக்ரமென்டோவுக்கு உங்கள் ஊர் எழுதும் கடிதம்: கலிபோர்னியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கலிபோர்னியாவில் குடியேறி ஓரிரு வருடம் ஆனதும் நம் ஆட்களுக்கு ஒரு குழப்பம் வரும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பல மாடிக் கட்டடம் வரப்போகிறது என்று தெருவில் பேச்சு அடிபடும். சிட்டி ஹாலில் போய்க் கேட்டால், "இது மாநிலச் சட்டம், எங்கள் கையில் ஒன்றும் இல்லை" என்பார்கள். அந்தக் கட்டடம் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் அதே பதிலைக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள்.

அந்தப் பதில் பாதிதான் உண்மை. சட்டம் மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவில் ஆனது, சரி. ஆனால் அது மசோதாவாக இருந்த மாதங்களில் உங்கள் நகர மன்றம் அதை ஆதரித்தோ எதிர்த்தோ ஒரு நிலைப்பாடு எடுத்திருக்கலாம். மேயர் கையெழுத்திட்டு, நகர முத்திரையோடு, உங்கள் எல்லோர் சார்பிலும் ஒரு கடிதம் போயிருக்கலாம். அந்தக் கடிதத்தில் என்ன எழுதப்படும் என்பதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. குடியுரிமை இல்லாதவர்களுக்கும் உண்டு. அது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். நான் இருப்பது சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில். ஆனாலும் இங்கே சொல்வது பெரும்பாலும் மாநிலம் முழுவதற்கும் பொருந்தும்.

யார் கையில் என்ன இருக்கிறது

கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள், 480க்கும் மேற்பட்ட நகரங்கள். பெரும்பாலான நகர மன்றங்களில் ஐந்து பேரோ ஏழு பேரோ இருப்பார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 15 பேர். நம் ஊர் மாநகராட்சியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு இடத்தில் தடுமாறுவீர்கள். அங்கே ஆணையரை மாநில அரசு அனுப்பும். இங்கே பெரும்பாலான ஊர்களில் சிட்டி மேனேஜர் என்ற நிர்வாகியை நகர மன்றமே வேலைக்கு வைக்கிறது, பிடிக்காவிட்டால் அனுப்பிவிடுகிறது. ஆகவே அதிகாரிகள் பார்ப்பது நகர மன்றத்தின் முகத்தை. நகர மன்றம் பார்ப்பது உங்கள் முகத்தை.

மாநிலச் சட்டமன்றத்தில் இரண்டு அவைகள். அசெம்பிளியில் 80 பேர், செனட்டில் 40 பேர். அசெம்பிளியில் பிறக்கும் மசோதாவுக்கு ஏ.பி. என்று தொடங்கும் எண், செனட்டில் பிறப்பதற்கு எஸ்.பி. சாதாரண மசோதா நிறைவேற அசெம்பிளியில் 41 வாக்கும் செனட்டில் 21 வாக்கும் வேண்டும். அதன்பின் ஆளுநர். இங்கே ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் ஊர்க் கணக்கில் முதலமைச்சர் இடத்தில் வைத்துப் புரிந்துகொள்ளுங்கள்.

நகரங்கள் சாக்ரமென்டோவை இப்படிக் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பதற்குப் பழைய காயங்கள் உண்டு. பாழடைந்த பகுதிகளைச் சீரமைக்க நகரங்கள் நடத்திவந்த மறுவளர்ச்சி முகமைகள் மாநிலமெங்கும் ஏறத்தாழ 400 இருந்தன. சொத்து வரியின் ஒரு பங்கில் அவை இயங்கின. 2011இல் பட்ஜெட் பள்ளத்தில் இருந்த மாநிலம் அவற்றை மூடச் சட்டம் போட்டது. நகரங்கள் வழக்குப் போட்டன. அந்த ஆண்டு டிசம்பர் 29 அன்று மாநில உச்ச நீதிமன்றம் மூடலைச் செல்லும் என்று சொல்லிவிட, 2012 பிப்ரவரி 1 அன்று அத்தனையும் கலைந்தன. ஒரு மசோதா எவ்வளவு தூரம் போகும் என்பதை நகர அதிகாரிகள் அன்று பார்த்தார்கள்.

நகரம் ஒன்று பொதுப் பணத்தைச் செலவழித்து மசோதாவுக்காக வாதாடலாமா? வாதாடலாம். மாநில அரசுச் சட்டத் தொகுப்பின் 50023ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. சில நகரங்கள் சாக்ரமென்டோவில் லாபியிஸ்ட் நிறுவனங்களையே அமர்த்திக்கொள்கின்றன. லாபி வேலைக்கு எவ்வளவு செலவாகிறது என்ற காலாண்டு அறிக்கைகளை மாநிலச் செயலர் அலுவலகத்தின் கால்-ஆக்சஸ் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஆனால் வாக்காளர்களே நேரடியாக முடிவு செய்ய வாக்குச்சீட்டில் வரும் புரொபொசிஷன் விஷயத்தில் கணக்கு வேறு. 1976இல் வந்த ஸ்டான்சன் வழக்குத் தீர்ப்பின்படி அதற்குப் பொதுப் பணத்தில் பிரசாரம் செய்யக் கூடாது. திறந்த கூட்டத்தில் வாக்களித்து நிலைப்பாடு எடுக்கலாம், அதோடு நின்றுவிட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நகர மன்றத்தில் கோபப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

முதல் வேலை: உங்கள் ஊரின் சட்ட நிலைப்பாட்டு ஆவணத்தைத் தேடி எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். பல நகரங்கள் ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் குளிர்காலத்தில், ஒரு ஆவணத்தை ஏற்றுக்கொள்கின்றன. லெஜிஸ்லேட்டிவ் பிளாட்ஃபார்ம் என்று ஓர் ஊரிலும், லெஜிஸ்லேட்டிவ் புரோகிராம் என்று இன்னோர் ஊரிலும், வழிகாட்டும் கொள்கைகள் என்று வேறோர் ஊரிலும் பெயர் இருக்கும். வீட்டு வசதி, போக்குவரத்து, தண்ணீர், காவல், வரி என்று தலைப்பு வாரியாக நகரத்தின் பொதுவான நிலையை அதில் எழுதி வைத்திருப்பார்கள்.

பார்க்க மிகச் சாதுவான ஆவணம். "நில உபயோகத்தில் நகரத்தின் அதிகாரத்தைக் குறைக்கும் மசோதாக்களை எதிர்ப்போம்", "நிதி ஒதுக்காமல் புது வேலையைச் சுமத்தும் மசோதாக்களை எதிர்ப்போம்", "பொதுப் போக்குவரத்துக்கு நிதி சேர்க்கும் மசோதாக்களை ஆதரிப்போம்" என்ற மாதிரி வரிகள். படித்தால் தூக்கம் வரும். ஆனால் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. இப்படி ஒரு வரியை நகர மன்றம் ஏற்றுவிட்டால், அதற்குப் பொருந்தும் மசோதா ஒவ்வொன்றுக்கும் மறுபடி வாக்கெடுப்பு வேண்டியதில்லை என்பதுதான் பல ஊர்களின் நடைமுறை. ஊழியர்கள் கடிதத்தைத் தயாரிப்பார்கள், மேயர் கையெழுத்திடுவார், கடிதம் போய்விடும். ஜனவரியில் ஏற்ற ஒரே வரியின் பலத்தில் ஓர் ஆண்டு முழுக்கக் கடிதங்கள் போக முடியும்.

இப்போது புரிந்திருக்கும். மே மாதம் ஒரு மசோதா செய்தியில் அடிபடும்போது நாம் கொதித்துப் போய் சிட்டி ஹாலுக்கு ஓடுகிறோம். அதற்கான முடிவு குளிர்காலத்திலேயே, நாலு பேர் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் ஆகியிருக்கும். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். அன்றைக்கு ஒருவர் எழுந்து, "மலிவு விலை வீடுகள் கட்ட உதவும் மசோதாவாக இருந்தால் மட்டும் இந்த எதிர்ப்பு பொருந்தாது என்று ஒரு வரி சேருங்கள்" என்றோ, "மரங்களைக் காக்கும் மசோதாக்களை ஆதரிப்போம் என்று சேருங்கள்" என்றோ கேட்டால், அது பரிசீலனைக்கு வர உண்மையான வாய்ப்பு உண்டு. எதிர்த்துப் பேச அன்று கூட்டம் இருக்காது. ஊழியர்களுக்கும் எழுதிச் சேர்க்க நேரம் இருக்கும்.

தேடுவது எப்படி? நகரத்தின் இணையதளத்தில் 'லெஜிஸ்லேட்டிவ்' என்று போட்டுத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நகர ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் சிட்டி கிளார்க்குக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள்: இந்த ஆண்டின் சட்ட நிலைப்பாட்டு ஆவணமும், கடந்த பன்னிரண்டு மாதங்களில் மசோதாக்கள் பற்றி நகரம் அனுப்பிய கடிதங்களும் வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. அவை பொது ஆவணங்கள். கடிதங்களைப் படித்தால் ஆவணத்தின் எந்த வரி உண்மையில் வேலை செய்கிறது, எது அலங்காரத்துக்கு இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

எல்லா ஊரும் ஒரே வழியில் போவதில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் உறுப்பினர் ஒருவர் தீர்மானம் கொண்டுவர, தலைமைச் சட்ட ஆய்வாளர் அலுவலகம் அறிக்கை எழுதி, குழுவுக்கும் பிறகு மன்றத்துக்கும் போகும். சான் ஹோசேயில் மசோதா நிலைப்பாடுகளை விதிகள் குழு பார்க்கிறது. சின்ன ஊர்களில் இரண்டு உறுப்பினர் கொண்ட துணைக்குழு இருக்கலாம், அல்லது எல்லாம் சிட்டி மேனேஜர் அலுவலகத்தில் ஒரே ஒருவரின் மேசையில் நடக்கலாம். அந்த ஒருவர் யார் என்று தெரிந்துகொள்வது உங்கள் பாதி வேலை.

சாக்ரமென்டோவின் நாட்காட்டி

ஆண்டுக்கு 2,000க்கும் மேல் மசோதாக்கள் வருகின்றன. புதிய மசோதாக்களைக் கொண்டுவரக் கடைசி நாள் பிப்ரவரியின் பிற்பாதியில் வரும். அறிமுகமாகி முப்பது நாள் ஆகும்வரை பொதுவாகக் குழு விசாரணை கிடையாது. அதனால் மார்ச், ஏப்ரலில்தான் சூடு பிடிக்கும். மே மாத இறுதி அல்லது ஜூன் தொடக்கத்துக்குள் பிறந்த அவையைத் தாண்ட வேண்டும். ஜூன், ஜூலையில் அடுத்த அவையின் குழுக்கள். பிறகு கோடை விடுமுறை. ஆகஸ்டில் திரும்பி வந்ததும் கடைசி ஓட்டம். இரட்டைப்படை ஆண்டானால் ஆகஸ்ட் 31இல் முடியும், ஒற்றைப்படை ஆண்டானால் செப்டம்பர் நடுவில். கடைசி நாட்களில் வந்து குவியும் மசோதாக்களுக்கு ஆளுநர் கையெழுத்திடவோ நிராகரிக்கவோ ஏறத்தாழ ஒரு மாதம் கிடைக்கும்.

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஒன்று, நிதிக் குழுக்களின் 'சஸ்பென்ஸ்' பட்டியல். கணிசமான அரசுச் செலவு வரும் மசோதாக்களை ஒதுக்கி வைத்து, மே மாதமும் ஆகஸ்டிலும் ஒரே நாளில் சரசரவென்று முடிவைப் படித்துவிடுவார்கள். விவாதம் இராது. பல மசோதாக்கள் சத்தமில்லாமல் அங்கேயே நின்றுவிடும். இன்னொன்று, கூட்டத்தொடரின் கடைசி வாரங்கள். ஒரு மசோதாவின் உள்ளடக்கத்தை முழுவதும் எடுத்துவிட்டு, எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வேறு விஷயத்தைப் புகுத்துவது அப்போதுதான் நடக்கும். 2016இல் வாக்காளர்கள் ஏற்ற 54ஆம் புரொபொசிஷனுக்குப் பிறகு, இறுதி வடிவம் வாக்கெடுப்புக்கு 72 மணி நேரம் முன்பாக இணையத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே கடைசி நேர மாற்றத்தைப் படிக்க உங்களுக்கு மூன்று நாளாவது உண்டு.

மசோதாவின் எண்ணை மாநிலத்தின் 'லெஜ்இன்ஃபோ' தளத்தில் போட்டால் முழு வாசகம், ஒவ்வொரு திருத்தமும் எதை மாற்றியது, யார் எப்படி வாக்களித்தார்கள் எல்லாம் வரும். குழு ஆய்வறிக்கை என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதை மட்டும் தவறாமல் படியுங்கள். மசோதா என்ன செய்கிறது என்று எளிய மொழியில் விளக்கியிருப்பார்கள். கடைசியில் ஆதரிப்பவர், எதிர்ப்பவர் பட்டியல் இருக்கும். உங்கள் ஊரின் பெயர் அதில் இருக்கிறதா, எந்தப் பக்கம் இருக்கிறது என்று அங்கே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ஐந்து நிலைகள்

ஆதரவு, எதிர்ப்பு, திருத்தினால் ஆதரவு, திருத்தாவிட்டால் எதிர்ப்பு, சும்மா கவனித்தல். இவைதான் ஒரு நகரம் எடுக்கக்கூடிய வழக்கமான நிலைகள். புதிதாக வருகிறவர்கள் முதல் இரண்டைத்தான் கேட்பார்கள். அனுபவம் உள்ளவர்கள் நடுவில் இருக்கும் இரண்டைக் கேட்பார்கள். காரணம் எளிது. வெறும் எதிர்ப்புக் கடிதத்தை வைத்துக்கொண்டு மசோதாவைக் கொண்டுவந்தவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எண்ணிக்கையில் ஒன்று கூடும், அவ்வளவுதான். "இந்தப் பிரிவில் இந்த வாசகத்தை இப்படி மாற்றினால் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறோம்" என்று எழுதினால் பேச்சுவார்த்தைக்கு ஒரு கதவு திறக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸில் 2025இல் நடந்ததைப் பாருங்கள். செனட்டர் ஸ்காட் வீனர் கொண்டுவந்த எஸ்.பி. 79, பெரிய நகர்ப்புறக் கவுண்டிகளில் ரயில், விரைவுப் பேருந்து நிறுத்தங்களைச் சுற்றி உயரமான குடியிருப்புகளை அனுமதிக்கும் மசோதா. இதே செனட்டர் 2018இல் கொண்டுவந்த எஸ்.பி. 827க்கும் லாஸ் ஏஞ்சலிஸ் மன்றம் எதிர்ப்புத் தெரிவித்திருந்தது. அந்த எதிர்ப்பு ஏகமனதானது. அந்த மசோதா முதல் குழுவிலேயே நின்றுபோனது. ஏழு ஆண்டு கழித்து அதே வகைக் கேள்வி வந்தபோது மன்றம் 8க்கு 5 என்று பிளந்தது. வீட்டு வாடகையும் வீடில்லாதவர் துயரமும் நகரத்தின் மனதை அவ்வளவு மாற்றியிருந்தன. பெரும்பான்மை எடுத்த நிலையும் வெறும் எதிர்ப்பாக இல்லை. மாநிலம் ஏற்றுக்கொண்ட வீட்டு வசதித் திட்டம் வைத்திருக்கும் நகரங்களுக்கு விலக்குக் கொடுத்துத் திருத்தாவிட்டால் எதிர்ப்பு என்பதுதான் அது. மேயர் கேரன் பாஸும் எதிர்த்தார். மசோதா பலமுறை திருத்தப்பட்டு, செனட்டில் தேவையான 21 வாக்கை ஒட்டியே தாண்டி, அக்டோபர் 10 அன்று ஆளுநர் நியூசம் கையெழுத்தில் சட்டமானது.

மாநிலத்தின் மிகப் பெரிய நகரம் எதிர்த்தும் அது சட்டமாகிவிட்டதே, அப்படியானால் கடிதத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். இவ்வளவு நெருக்கமான வாக்கில் ஒவ்வொரு உறுப்பினரும் தன் ஊர் என்ன சொல்கிறது என்று பார்க்கிறார். ஒரு மசோதா எத்தனை முறை திருத்தப்படுகிறதோ, அத்தனை முறையும் யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் திருத்துகிறார்கள். என் கருத்தில் அந்த ஐந்து பேரின் மறுப்பு வாக்கும் முக்கியம். நகரம் ஒரே குரலில் பேசவில்லை என்பது சாக்ரமென்டோவுக்குத் தெரிந்தது. உங்கள் மன்றத்தில் நீங்கள் தோற்கும் பக்கத்தில் இருந்தாலும், ஒரு உறுப்பினரை மாற்றி வாக்களிக்க வைப்பது வீண் வேலை ஆகாது.

கடிதம் எப்படித் தயாராகிறது

கலிபோர்னியா நகரங்களின் சங்கம் ஒன்று 1898 முதல் இருக்கிறது. கேல் சிட்டீஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். மசோதாக்களை அது வரிசைப்படுத்தி, தன் நிலையைச் சொல்லி, மாதிரிக் கடிதத்தோடு உறுப்பு நகரங்களுக்கு அனுப்பும். ஆள் பற்றாக்குறை உள்ள ஊர்களில் அந்த மாதிரிக் கடிதமே பெயர் மாற்றிப் போவதும் உண்டு. சங்கம் இப்படி ஒரு வேலை செய்வதில் தவறில்லை. ஆனால் சங்கத்தின் நிலைதான் உங்கள் ஊரின் நிலையாகவும் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஊழியர் ஒருவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: நம் ஊரின் கணக்கு இதில் எங்கே இருக்கிறது? எத்தனை வீடுகள், எவ்வளவு செலவு, எந்தத் தெரு? உள்ளூர் விவரம் உள்ள கடிதத்தைக் குழு ஆலோசகர்கள் நின்று படிப்பார்கள். அந்த விவரத்தை நீங்களே திரட்டிக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார்கள். நம்மில் தரவுகளோடு வேலை செய்கிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறோம், இதைச் செய்யலாம்.

கடிதம் விசாரணைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும், அப்போதுதான் ஆய்வறிக்கையில் பெயர் ஏறும். ஆகவே உங்கள் நகர மன்றத்துக்கு அதற்கும் சில வாரங்கள் முன்பே விஷயம் வந்தாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடும் மன்றமாக இருந்தால் கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பாருங்கள். மார்ச் கடைசியில் விழித்தால் ஏப்ரல் விசாரணையைத் தவறவிடுவீர்கள்.

கூட்டத்தில் பேசுவது

நகர மன்றக் கூட்டங்களை ஆள்வது 1953இல் வந்த பிரவுன் சட்டம். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பு வெளியிட வேண்டும். பொதுமக்கள் யாரும் பேசலாம். பெயர் எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே வரலாம் என்று நிபந்தனை போடக் கூடாது. குடியுரிமை, விசா பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். எச்1பியில் இருப்பவர் பேசலாம், எஃப்1இல் படிக்கும் மாணவர் பேசலாம். "நமக்கு ஓட்டே இல்லையே, நாம் எப்படிப் பேசுவது" என்று பத்து வருடம் வாய் மூடி இருந்த நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அந்தப் பத்து வருடமும் அவர்கள் வரி கட்டினார்கள், பிள்ளைகளை இங்கேதான் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: பேசுவது வேறு, தேர்தல் நிதி கொடுப்பது வேறு. கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாத வெளிநாட்டினர் நகரத் தேர்தலுக்குக்கூட நன்கொடை தரக் கூட்டாட்சிச் சட்டம் தடை போட்டிருக்கிறது. ஆர்வத்தில் இருபது டாலர் அனுப்பிவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசுகிறவருக்கு மற்றவருக்குக் கிடைக்கும் நேரத்தைப்போல் இரு மடங்காவது தர வேண்டும் என்று பிரவுன் சட்டம் சொல்கிறது. ஒரே நேரத்தில் மொழிபெயர்க்கும் கருவி இருந்தால் மட்டும் விலக்கு. ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் அம்மா அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பேருந்து எத்தனை மணிக்கு ஒருமுறை வருகிறது, நிறுத்தத்தில் உட்கார இடம் இருக்கிறதா என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். போக்குவரத்து நிதி பற்றிய ஒரு மசோதா மன்றத்துக்கு வரும் நாளில் அவர்கள் தமிழில் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்லுங்கள். மூன்று நிமிடம் கொடுக்கும் ஊரில் ஆறு நிமிடம் கிடைக்கும். கூட்டம் அதிகமாகி மேயர் ஒரு நிமிடமாகக் குறைத்தால் இரண்டு.

மசோதா கடிதங்கள் பெரும்பாலும் 'கன்சென்ட் காலண்டர்' என்ற பட்டியலில் வரும். சர்ச்சை இல்லாதவை என்று கருதும் பத்திருபது விஷயங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே வாக்கில் முடித்துவிடுவார்கள். நான் முதன்முதலில் ஒரு மசோதா பற்றிப் பேசப் போனபோது இது தெரியாது. நிரலில் கடைசிப் பக்கம்வரை விஷயங்கள் இருந்ததால் எட்டு மணிக்குப் போனால் போதும் என்று நினைத்தேன். போய்ச் சேர்வதற்குள் கன்சென்ட் முடிந்து, கடிதம் ஏற்கப்பட்டிருந்தது. அரை மணி நேரத் தாமதம், இரண்டு வாரம் தயாரித்த பேச்சு. அதனால் சொல்கிறேன், கூட்டம் தொடங்கும் நேரத்திலேயே உள்ளே இருங்கள். முந்தைய நாளே ஒரு மன்ற உறுப்பினருக்கு எழுதி, "இந்த எண் விஷயத்தைத் தனியாக எடுத்து விவாதியுங்கள்" என்று கேளுங்கள். ஒருவர் எடுக்கச் சொன்னால் போதும், பட்டியலிலிருந்து தனியே வந்துவிடும்.

நிரலில் இல்லாத மசோதாவைப் பற்றியும் திறந்த கருத்து நேரத்தில் பேசலாம். ஆனால் மன்றம் அன்று முடிவெடுக்க முடியாது, பதிலும் விரிவாகச் சொல்ல முடியாது. எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருப்பார்கள். மதிக்கவில்லையோ என்று தோன்றும். சட்டம் அப்படி, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நிரல் வெளியான பிறகுதான் அவசரம் தெரியவந்தது என்றால், மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் விஷயத்தைச் சேர்க்க ஒரு வழி இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் மசோதா திடீரென்று உருமாறும்போது இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

உறுப்பினர்களைத் தனித்தனியே சந்திப்பது நல்லது, காபிக்கு அழைத்தால் பலர் வருவார்கள். ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சொல்லாதீர்கள். பெரும்பான்மை உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வெளியே, இடையில் ஒருவர் மூலமாகக்கூட, ஒரு விஷயத்தைக் கலந்து பேசக் கூடாது. ஐந்து பேர் மன்றத்தில் மூன்று பேர் ஆனாலே பெரும்பான்மை. நல்லெண்ணத்தில் நீங்கள் செய்யும் தூது அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடும்.

என்ன பேசுவது? ஒரு நிமிடத்துக்குள் மூன்று விஷயம் சொன்னால் போதும். மசோதாவின் எண். எந்த நிலை வேண்டும், எந்தத் திருத்தத்தோடு. உங்கள் தெருவில் அல்லது உங்கள் வீட்டில் அது எதை மாற்றும். நம் ஆட்கள் பேசும்போது அரை நிமிடம் நன்றியிலும் அறிமுகத்திலும் போய்விடுகிறது. அதை மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளலாம். மின்னஞ்சலும் பொது ஆவணம்தான், தொலைபேசி எண்ணை அதில் போடாதீர்கள்.

நகரத்தைத் தாண்டி

நகரம் கேட்காவிட்டால் நேரடியாகவும் எழுதலாம். சட்டமன்றத்துக்குக் கடிதம் அனுப்ப இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. கணக்குத் தொடங்கி, மசோதா எண்ணையும் நிலையையும் தேர்ந்து கடிதத்தைப் பதிவேற்றினால் குழுவுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தவருக்கும் போய்விடும். உங்கள் சொந்த அசெம்பிளி உறுப்பினருக்கும் செனட்டருக்கும் தனியே எழுதுங்கள். அவர்களில் பலர் நகர மன்றத்திலிருந்து மேலே போனவர்கள். தீபாவளியை மாநில விடுமுறைப் பட்டியலில் சேர்த்த ஏ.பி. 268, 2025 அக்டோபரில் சட்டமானது. அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஆஷ் கால்ரா முன்பு சான் ஹோசே மன்ற உறுப்பினர். சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் எஸ்.பி. 403ஐ 2023இல் கொண்டுவந்த ஆயிஷா வஹாப் அதற்குமுன் ஹேவர்டு மன்றத்தில் இருந்தவர். அந்த மசோதாவைச் சுற்றி நம் சமூகத்துக்குள்ளேயே இரு பக்கமும் சாக்ரமென்டோவரை போனது பலருக்கு நினைவிருக்கும். இரு அவைகளையும் தாண்டிய அதை ஆளுநர் அக்டோபர் 7 அன்று, இருக்கும் சட்டமே போதும் என்று சொல்லி நிராகரித்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகர மன்றமும் செப்டம்பரில் நம் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகர மன்றமும் தங்கள் அளவில் சாதிப் பாகுபாட்டுத் தடையை ஏற்றிருந்தன. மாநிலத்தில் நின்றுபோன ஒரு விஷயம் நகரத்தில் முடிவதும் உண்டு என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இரு அவைகளும் நிறைவேற்றிய பிறகும் நகரத்தைக் கேட்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. கையெழுத்திடுங்கள் என்றோ நிராகரியுங்கள் என்றோ ஆளுநருக்கு ஒரு கடிதம். முன்பு எடுத்த நிலை இறுதித் திருத்தங்களுக்குப் பிறகும் பொருந்துகிறதா என்று ஊழியர்கள் சில சமயம் பார்ப்பதில்லை. நீங்கள் கேட்ட திருத்தம் உள்ளே வந்துவிட்டது என்றால், எதிர்ப்பை விலக்கிக்கொள்ளும்படி நினைவூட்டுங்கள். அடுத்த முறை உங்கள் ஊர் "திருத்தாவிட்டால் எதிர்ப்பு" என்று எழுதும்போது சாக்ரமென்டோ நம்புவதற்கு அந்த நேர்மைதான் காரணமாக இருக்கும்.

சட்டமானபின் விஷயம் மறுபடி நகர மன்றத்துக்கே வரும். ஒரு குடும்ப மனைகளைப் பிரிக்கவும் இரு வீடு கட்டவும் வழிவிட்ட எஸ்.பி. 9இல் 2021 செப்டம்பரில் ஆளுநர் கையெழுத்திட்டார். 2022 ஜனவரி 1க்கு முன்பே பல நகரங்கள் அவசரமாக உள்ளூர் விதிகளை எழுதின. தெற்கே ஐந்து சாசன நகரங்கள், அதாவது சொந்தச் சாசனத்தின்படி நடக்கும் நகரங்கள், எஸ்.பி. 9ஐ எதிர்த்து நீதிமன்றம் போயின. 2024 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி நீதிமன்றம் அவற்றுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டே சட்டமன்றம் எஸ்.பி. 450 மூலம் சட்டத்தைத் திருத்தியது. கூரை உயரம், மரம், வாகன நிறுத்தம் பற்றிய உள்ளூர் விதிகள் மன்றத்துக்கு வரும் அந்த நாளிலும் போய் உட்காருங்கள்.

அதற்கிடையில் நவம்பர் வந்துவிடும். அடுத்த ஆண்டின் சட்ட நிலைப்பாட்டு ஆவணத்தை அப்போது சிட்டி மேனேஜர் அலுவலகத்தில் யாரோ எழுதத் தொடங்கியிருப்பார். அவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: வரைவு எப்போது மன்றத்துக்கு வருகிறது, கருத்துச் சொல்ல யாருக்கு எழுத வேண்டும்?